ரசிகரின் கத்தரி: பார்வை, பிரதி, அதிகாரம்

1

சினிமாப் படங்களிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்து, வேறொரு பாட்டையோ வாத்திய இசையையோ அடியில் ஓடவிட்டு, மூன்று நான்கு நிமிஷத்துக்கு ஒரு காணொளி செய்வது என் பொழுதுபோக்கு. காசு வருவதில்லை, எதிர்பார்ப்பதும் இல்லை. இதைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். இலக்கிய நண்பர்கள், 'அடுத்தவன் எடுத்த படத்தை வெட்டி ஒட்டுறதுல என்னங்க படைப்பு இருக்கு?' என்பார்கள். ரசிக நண்பர்களோ, 'தலைவருக்கு ஒரு மாஸ் எடிட் போட்டுக் குடுங்களேன்' என்பார்கள். எதிரெதிர்த் திசையிலிருந்து பேசுவதுபோலத் தோன்றினாலும் இரண்டு தரப்புக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு: மூலப்படம் முடிந்துபோன ஒன்று, ரசிகர் அதன் முன் நிற்கலாம், கும்பிடலாம், போகலாம், அதற்குள் கைவைக்க அவருக்கு வேலையில்லை. இந்த நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கம். கத்தரிப்பது ஒரு வாசிப்பு; நல்ல கத்தரிப்பு விமர்சனம். அதே சமயம், கத்தரித்துவிட்டதாலேயே அது எதிர்ப்பாகிவிடாது. இந்த இரண்டாவது விஷயத்தை 2023-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒன்று முகத்திலறைந்தாற்போல் காட்டியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், வெட்டுகிற மேசையில் உட்கார்ந்தால் என்ன தெரிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கொட்டகையில் படம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். மேசையில் ஒரு நொடி 24 சட்டங்களாகப் பிரிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்க்கலாம். நமது வெகுஜன நாயகனின் அறிமுகக் காட்சி எதையாவது இப்படிப் பிரித்துப்போட்டால் அதன் கட்டுமானம் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. கார்க் கதவு திறக்கிறது. அடுத்து ஒரு முகம், வாய் பிளந்த கிழவர். செருப்புக் கால் தரையில் பதிகிறது. அடுத்து ஒரு முகம், மிரண்ட அடியாள். கறுப்புக் கண்ணாடி, அடுத்து ஒரு முகம், மாடியிலிருந்து எட்டிப்பார்க்கும் பெண். இந்த முகங்களை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு ஆள் காரிலிருந்து இறங்கி நடந்து போகிறார், அவ்வளவுதான்.

லெவ் குலெஷோவ் செய்த பரிசோதனை திரைப்பட மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு நடிகரின் சலனமற்ற முகத்துக்குப் பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தை வைத்தால் முகத்தில் பசி தெரிகிறது. சவப்பெட்டியை வைத்தால் துக்கம் தெரிகிறது. அதாவது, பார்க்கப்படும் பொருள் பார்ப்பவனின் முகத்துக்கு அர்த்தம் தருகிறது. நமது வெகுஜன சினிமா இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. இங்கே பார்க்கிற முகங்கள்தான் பார்க்கப்படும் நாயகனுக்கு அர்த்தம் தருகின்றன. அந்த முகங்கள் யாருடையவை? வேலைக்காரர்கள், பெண்கள், நகைச்சுவைப் பாத்திரங்கள், பெயரில்லாத ஊர்ச்சனம். கொட்டகையில் விசிலடிக்கும் ரசிகர் அந்த வரிசையின் கடைசி முகம். எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ்.பாண்டியனின் நூல் 1992-ல் வெளிவந்தது. அடித்தள மக்களின் சம்மதம் அந்தப் பிம்பத்தின் வழியாக எவ்வாறு திரட்டப்பட்டது என்று அது கேட்டது. வெட்டுகிற மேசையிலிருந்து அதே கேள்வியைச் சிறு அளவில் கேட்கலாம்: இந்த முகங்களின் பார்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

2

இதைக் கேட்டவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். எஸ்ஃபிர் ஷுப் 1927-ல் 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற படத்தைப் பழைய செய்திப்படங்களையும் ஜார் குடும்பத்தின் சொந்தப் படச்சுருள்களையும் வெட்டிச் செய்தார். கப்பல் தளத்தில் சீமான்கள் நடனமாடி வியர்க்கிறார்கள். அடுத்து விவசாயிகள் மண் வெட்டி வியர்க்கிறார்கள். ராஜ குடும்பம் தன் பெருமைக்கென எடுத்துவைத்த படம் அதன்மீதே சாட்சி சொல்கிறது. ஷுப் ரசிகர் அல்லர், வெற்றி பெற்ற புரட்சியின் தொகுப்பாளர். ஆனால் ஜோசஃப் கார்னெல் ரசிகர்தான். 1931-ல் வந்த 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற சாதாரண சாகசப் படத்தின் சுருளை வெட்டி, அதன் நடிகை ரோஸ் ஹோபார்ட்டின் சலனங்களை மட்டும் பெரும்பாலும் வைத்துக்கொண்டு, கதையைக் கழித்துவிட்டு, 1936-ல் நியூயார்க்கின் ஒரு கலைக்கூடத்தில் நீல வடிகட்டி வழியாக ஓட்டினார். கூட இசைத்தட்டில் பிரேசிலிய இசை. அவ்வளவுதான் படம். பார்க்க வந்த சால்வதோர் தாலி கோபத்தில் புரொஜெக்டரையே தள்ளிவிட்டதாகக் கலை வரலாற்றில் ஒரு கதை உண்டு.

எனக்கு முக்கியமான ஆண்டு 1975. அந்த ஆண்டு லாரா மல்வியின் 'காட்சி இன்பமும் கதைசொல் சினிமாவும்' என்ற கட்டுரை 'ஸ்க்ரீன்' இதழில் வெளிவந்தது. ஹாலிவுட் சினிமாவில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள். அந்த இன்பத்தைப் பகுத்துப் பார்ப்பது அதை அழிக்கும். அழிப்பதே நோக்கம் என்று மல்வி தயவுதாட்சண்யமின்றி எழுதினார். அதே 1975-ல் அமெரிக்காவில் கேண்டி ஃபாங் என்ற 'ஸ்டார் ட்ரெக்' ரசிகை, எடிட்டிங் அறையில் கழித்துக் கட்டப்பட்ட படச்சட்டங்களிலிருந்து கிடைத்த ஸ்லைடுகளை ஒரு பாட்டோடு பொருத்தி ரசிகர் கூட்டத்தில் காட்டினார். ரசிகக் காணொளி மரபு, அவர்கள் மொழியில் 'விட்', அங்கேதான் தொடங்குகிறது என்பார்கள். அந்தத் தொடரின் முதல் மாதிரிப் படத்தில் கப்பலின் இரண்டாம் அதிகாரியாக ஒரு பெண் இருந்தார். தொலைக்காட்சி நிறுவனம் அதை நிராகரித்தது. தொடர் ஒளிபரப்பானபோது அந்தப் பாத்திரமே இல்லை. அதே நடிகை நர்ஸாக வந்தார். இப்படி நீக்கப்பட்டதை மனதில் வைத்துத்தான் ஃபிரான்செஸ்கா காப்பா இந்த மரபின் வரலாற்றை எழுதுகிறார்.

மல்வியும் ஃபாங்கும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இருவருக்கும் இடையிலான தூரம் யோசிக்கத்தக்கது. மல்வி இன்பத்தை அழிக்கச் சொன்னார். ரசிகைகள் அதை அழிக்காமல் வேறு பக்கம் திருப்பினார்கள். 1980களில் இரண்டு வீடியோ கேசட் ரெக்கார்டர்களை இணைத்து, ஸ்டாப்வாட்சால் பாட்டை அளந்து, ஷாட் ஷாட்டாகப் பதிந்தார்கள். நிறுத்தி மறுபடி தொடங்கும்போது நாடா சற்றுப் பின்னால் ஓடும். அந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது ஷாட்டில் தவறினால் பதினோராவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். இது வெறும் மோகத்தின் வேலை என்று யாராவது சொன்னால், சொல்பவர் வேலை செய்ததில்லை என்று அர்த்தம். 2007-ல் இரண்டு பேர் சேர்ந்து 'சூப்பர்நேச்சுரல்' தொடரிலிருந்து 'பெண்களின் வேலை' என்ற காணொளியைச் செய்தார்கள். இரண்டு சகோதரர்களின் வீரக்கதை முன்னே நகர்வதற்காக எத்தனை பெண்கள் வாரந்தோறும் செத்தார்கள் என்பதை அந்தச் சாவுகளை மட்டும் வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். ஒரு வார்த்தை விளக்கமில்லை. அந்தத் தொடரை நேசித்தவர்கள் செய்தது அது. வெளியாள் ஒருவர் எழுதும் மதிப்புரையால் அந்த இடத்தைத் தொட முடியாது என்று நினைக்கிறேன்.

3

என் வேலையிலிருந்து ஒரு உதாரணம். 'படையப்பா' (1999) நீலாம்பரியை வைத்து ஒரு காணொளி செய்தேன். அந்தப் படத்தில் நீலாம்பரி பார்ப்பவள். படையப்பாவை ஆசைப்பட்டுப் பார்க்கிறாள். அதுதான் அவள் செய்த குற்றம். பெண் ஆசைப்பட்டுப் பார்க்கக் கூடாது, பார்க்கப்பட வேண்டும் என்ற சட்டத்தைப் படம் வசனமாகவே அவளுக்கு வகுப்பெடுக்கிறது. பிறகு 18 வருஷம் அவள் ஒரு அறைக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறாள். கதையில் அது ஒரு திருப்பம். நிமிஷக் கணக்கில் பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். நான் அந்த அறையை விரித்தேன். அடியில் ஓடியது நீலாம்பரி ராகத்தில் ஒரு வீணை ஆலாபனை. நீலாம்பரி தாலாட்டுக்கான ராகம் என்பது நமக்குத் தெரியும். தூங்கவைக்கிற ராகத்தைத் தூங்காத ஒருத்தியின் மேல் போட்டேன். பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வாதம்தான்; கட்டுரையாளர் பெயரடையைத் தேர்ந்தெடுப்பது போல.

அந்தப் படத்தின் ஊஞ்சல் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். நாயகனுக்கு உட்கார இருக்கை இல்லை. மேலே கட்டியிருக்கும் ஊஞ்சலைத் துண்டால் இழுத்து இறக்கி உட்காருகிறார். கொட்டகை அதிரும். அதிரவைப்பது ஊஞ்சல் என்று நாம் நினைக்கிறோம். பிரித்துப் பார்த்தால் சுற்றியிருப்பவர்களின் முகங்களும் முக்கியமாக நீலாம்பரியின் முகமும்தான் அந்த இருக்கையைச் சிம்மாசனமாக்குகின்றன. என் காணொளியில் ஊஞ்சல் இறங்குவதில்லை. நீலாம்பரி மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதைப் பார்க்கிறாள் என்பதைக் காட்டாமல் விட்டேன்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வசுந்தரா என்ன ஆகிறாள்? அதே வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள், நீலாம்பரியால் அவமானப்படுத்தப்பட்டவள். நாயகன் பக்கமிருந்து நீலாம்பரி பக்கம் படத்தைத் திருப்புவது பெண்ணிய வாசிப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் எஜமானியின் தனிமையைக் காவியமாக்குவதற்கு வேலைக்காரியின் முகத்தைக் குப்பையில் போடுவது எந்த வாசிப்பு? வசுந்தராவைப் படத்தின் பொருளில் வைத்துக்கொள்ளவும் முடியாது; அங்கே அவள் 'நல்ல பெண்'ணின் இலக்கணம், நீலாம்பரியை அடிப்பதற்கான கோல். ஆகவே வசுந்தரா நீலாம்பரியைப் பார்க்கும் ஷாட்களை மட்டும் எடுத்து ஆலாபனையின் நடுவே வைத்தேன். இப்போது காணொளியைப் பார்ப்பவர் நீலாம்பரிமேல் இரக்கப்படும் நேரத்தில் வேறொருத்தியும் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். இரக்கம் குறையவில்லை, ஆனால் சௌகரியமாக இருக்கவில்லை. எனக்கு அது போதும்.

4

இனி 2023. மாரி செல்வராஜின் 'மாமன்னன்' அந்த ஆண்டு ஜூனில் வெளிவந்தது. 'தேவர் மக'னில் (1992) எசமான் சொன்னதற்காகக் கோயில் பூட்டை உடைத்து, அதற்குக் கையைப் பறிகொடுக்கும் இசக்கி என்ற பாத்திரத்தில் வடிவேலு நடித்திருந்தார். அந்த இசக்கிதான் 'மாமன்ன'னுக்கு வித்து என்று பட விழாவில் கமல்ஹாசனை வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் சொன்னார். நான் பேசிக்கொண்டிருக்கும் கத்தரிப்பு வேலையின் உச்சமான வடிவம் இது எனலாம். நாயகனின் கதையில் பார்க்கிற முகமாக, சிரிப்புக்கும் பரிதாபத்துக்கும் உரிய முகமாக இருந்தவனை எடுத்து நடுவில் வைத்து, அதே நடிகரை வைத்து, அவன் மகனையும் பேசவைப்பது. அந்தப் படத்தின் மையப் பொருள் நாற்காலி. சட்டமன்ற உறுப்பினராகியும் ஆதிக்கச் சாதித் தலைவரின் வீட்டில் மாமன்னன் நின்றுகொண்டே இருக்கிறார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகலைக் களம் சினிமாக் கொட்டகை என்று கா.சிவத்தம்பி 1981-ல் எழுதினார். அந்தக் கொட்டகையின் திரையில், உட்கார முடியாத ஒருவரின் படம் ஓடியது.

ஜூலைக் கடைசியில் படம் ஓ.டி.டி.யில் வந்தது. படச்சுருள் கைக்கு வந்தாயிற்று. சில நாட்களில் வில்லன் ரத்தினவேலுவின் (ஃபகத் ஃபாசில்) காட்சிகளை வெட்டி, ஆதிக்கச் சாதிப் பெருமைப் பாடல்களை அடியில் போட்ட காணொளிகள் சமூக ஊடகங்களில் பெருகின. நடை, பார்வை, வேட்டி, மீசை எல்லாம் 'மாஸ்'. வில்லன் சாதி நாயகனானான்.

முற்போக்கு நண்பர்கள் 'படத்தைப் புரிஞ்சிக்காத பசங்க' என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அப்படி நகர முடியவில்லை. அந்தப் பையன்கள் படத்தை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். ரசிகக் காணொளி மரபு எதையெல்லாம் செய்யும் என்று நான் மேலே பெருமையோடு எழுதினேனோ, அதையெல்லாம் அவர்களும் செய்தார்கள்: கதையைக் கழித்தார்கள், ஒரு பாத்திரத்தைத் தனியே எடுத்தார்கள், பாட்டால் அர்த்தத்தைத் திருப்பினார்கள், இயக்குநரின் நோக்கத்துக்கு எதிராக வாசித்தார்கள். 'ஆசிரியரின் மரணம்' அங்கேயும் நிகழ்ந்தது. மிஷேல் து செர்த்தோவிடமிருந்து 'களவு வேட்டை' என்ற உருவகத்தை எடுத்து ஹென்றி ஜென்கின்ஸ் 1992-ல் ரசிகர்களைப் பற்றி எழுதினார்: பிரதி பண்ணையாரின் நிலம், வாசகர் இரவில் புகுந்து வேண்டியதை எடுத்துப் போகும் எளியவர். அழகான உருவகம். ஆனால் நிலம் எப்போதும் பண்ணையாருடையது, புகுபவர் எப்போதும் எளியவர் என்ற முன்முடிவு அதில் இருக்கிறது. இங்கே நடந்தது வேறு. முதன்முறையாக ஒருவன் தன் பாட்டனின் கதையை நட்டுவைத்த கையகல நிலத்துக்குள் பண்ணையார் வீட்டுப் பிள்ளை புகுந்து அறுத்துக்கொண்டு போனான். அவனிடமும் மென்பொருள் இருக்கிறது. கோட்பாடு இரண்டு அறுவடையையும் ஒரே பெயரால் அழைத்தால் அந்தக் கோட்பாடு நமக்கு எதற்கு?

ஆகவே ஒரு அளவுகோல் தேவைப்படுகிறது. 'சூழலிலிருந்து பிரித்துவிட்டார்கள்' என்பது அளவுகோல் ஆகாது; எல்லாக் கத்தரிப்பும் பிரிப்பதுதான். இரண்டரை மணி நேரத்தில் மூன்று நிமிஷத்தை எடுக்கிறவர் மிச்சத்தைக் கழித்தே தீர வேண்டும். நோக்கத்தைக் கேட்டும் பயனில்லை. நோக்கத்தை எல்லோரும் நல்லபடியாகவே சொல்வார்கள். மேசையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையை நான் முன்வைக்கிறேன். கழிக்கப்பட்ட முகத்தைத் திரும்ப உள்ளே வையுங்கள். காணொளி தாங்குகிறதா? நான் பார்த்த ரத்தினவேலு துண்டுகளில், நின்றுகொண்டிருக்கும் மாமன்னன் இல்லை. பந்தயத்தில் தோற்றதற்காக அடித்துக் கொல்லப்பட்ட நாய் இல்லை. அவை இரண்டே நொடி உள்ளே வந்தாலும் பாட்டு தொண்டையில் சிக்கிவிடும். அந்த வீரம் அந்த முகங்களை மறைப்பதால் மட்டுமே நிற்கிறது. மாறாக, 'பெண்களின் வேலை'க்குள் அந்தச் சகோதரர்களின் முகத்தை எத்தனை தடவை வைத்தாலும் அது கலையாது, இன்னும் உறுதிப்படும். ஷுப்பின் படத்தில் சீமான்கள் கடைசிவரை ஆடிக்கொண்டே இருக்கலாம்.

மறைத்தால்தான் நிற்கும் என்பது பிம்பம். திரும்ப வைத்தாலும் நிற்கும் என்பது வாசிப்பு. இதை ரசிகக் காணொளிக்கு மட்டும் சொல்லவில்லை. நமது இலக்கிய விமர்சனத்தில் மேற்கோள்களை வெட்டி எடுக்கும் முறைக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

5

கடைசியாக, உடைமை பற்றி. இணையத் தளங்கள் பதிவேறும் காணொளியைத் தானியங்கியால் பரிசோதிக்கின்றன. யூடியூப் இந்த முறையை 2007-ல் கொண்டுவந்தது. அதற்குத் தெரிவது ஒன்றுதான்: இந்தச் சத்தமும் படமும் இன்னாருடைய கோப்போடு பொருந்துகிறதா? பொருந்தினால், உரிமையாளர் விருப்பப்படி தடுக்கும், அல்லது விளம்பரக் காசை அவருக்குத் திருப்பும். புகழ்கிறதா விமர்சிக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆனால் உரிமையாளருக்குத் தெரியும். நட்சத்திரத்தின் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் இரவெல்லாம் விழித்துச் செய்யும் 'மேஷப்' சம்பளமில்லாத விளம்பரம். பழைய ரசிகர் மன்றத்து ஆள் தட்டி கட்டினார், சுவரொட்டி ஒட்டினார். இப்போது டைம்லைனில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிற முகங்களின் வரிசையில் தன் முகத்தையும் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறார். அதே கை பார்வையைத் திருப்பும்போது மட்டும் 'திருட்டு' என்ற சொல் வந்துவிடுகிறது.

சட்டம் அவ்வளவு குருடு அல்ல. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. கேரளத்தில் இதற்கொரு முன்மாதிரி இருக்கிறது. தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' 1952-ல் மேடையேறிய புகழ்பெற்ற நாடகம். 1995-ல் அதற்கு எதிர்நாடகம் ஒன்று எழுதப்பட்டது. தலைப்பையே 'நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்?' என்று கேள்வியாகத் திருப்பி, மூல நாடகத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் தாராளமாக எடுத்து, இயக்கத்துக்காக இழந்த ஒடுக்கப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அது கேட்டது. உரிமை கோரி வழக்கு வந்தது. கேரள உயர்நீதிமன்றம் 1996-ல் மூன்று விஷயங்களைப் பார்த்தது: எடுத்தது எவ்வளவு, எதற்காக, மூலத்தோடு அது போட்டி போடுமா. விமர்சனத்துக்கென்று எடுத்தது என ஏற்று, மேடையேற்றத்தைத் தடுக்க மறுத்தது. அமெரிக்காவிலும் ரசிகர்களின் அமைப்பொன்று வாதாடியதன் பயனாக, லாப நோக்கற்ற காணொளிக்காக டி.வி.டி.யின் பூட்டைத் திறக்க 2010-ல் விலக்குக் கிடைத்தது. நம்மூரில் அப்படி வாதாட யாருமில்லை. ஏனென்றால் இதைச் செய்பவர்களே இதை விமர்சனம் என்று சொல்லிக்கொள்வதில்லை; விமர்சகர்களும் சொல்வதில்லை.

சிறுபத்திரிகைகள் சினிமாவைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கின்றன: இயக்குநர், நட்சத்திரம், வசூல், சாதி, தணிக்கை. ரசிகரைப் பற்றி எழுதினால் ஏமாந்தவராக எழுதினோம். இன்று அந்த ரசிகர் கையில் கத்தரி இருக்கிறது. அவர் செய்வதை மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கிழிப்பதுபோலவே கிழியுங்கள், பரவாயில்லை. யார் முகத்தை வைத்தார், யார் முகத்தைக் கழித்தார், பாட்டு என்ன சொல்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ரத்தினவேலு காணொளிகளைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கக்கூடும். அவற்றுக்குப் பதிலாக வெட்டப்பட்ட ஒரு காணொளியைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எந்த இதழில் வந்தது? வில்லனை நாயகனாக்கத் தெரிந்த பையனுக்கு இசக்கியை நடுவில் வைக்கவும் மென்பொருள் தெரியும். அவனிடம் அந்த வேலையைப் பற்றி யாராவது பேச வேண்டும்.